அகஸ்டஸ் துரைக்குப் படாத காயங்கள்

அகஸ்டஸ் துரையின் மீது ஒரு குண்டுகூடப் பட்டதில்லை என்று மெட்ராஸ் பத்திரிகைகள் வருஷம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பட்ட குண்டுகளெல்லாம் எங்கே போயின என்று பென்ஷன்பேட்டையில் எந்தப் பொம்பளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள், ஆனால் பத்திரிகைக்காரர்கள் மலைமேல் பங்களாவுக்குப் போய்ப் பிராந்தி குடித்துவிட்டு அப்படியே இறங்கிப் போனார்களே தவிர அடிவாரத்தில் வண்டியை நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால், பேட்டையின் முதல் வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த மதலேனாள், "குண்டா? இந்தா, எண்ணிக்குங்க" என்று புருஷன் சட்டையைத் தூக்கிக் காட்டியிருப்பாள்.

துரை இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மூன்றாவது மகன். அந்த வீட்டு வழக்கப்படி மூத்தவனுக்கு நிலம், இரண்டாமவனுக்குத் தேவாலயம், மூன்றாமவனுக்கு மிச்சம் இருந்தது மெட்ராஸ். அப்பா யாரிடமோ விருந்தில் பேசினார், அந்த யாரோ வேறு யாரிடமோ பேசினார், மீசை முளைக்காத அகஸ்டஸ் துரை ஒரு தகரக் குளியல் தொட்டி, இரண்டு வேட்டை நாய்கள், ஒரு பெட்டி வாசனைச் சோப்பு ஆகியவற்றோடு கப்பலில் வந்து இறங்கி, நரைத்த மீசைச் சுபேதார்களுக்கெல்லாம் மேலதிகாரி ஆனார். அவருக்குக் கிழக்கு எது மேற்கு எது என்று தெரியாது, ஆனால் ஒயினை மோந்து பார்த்து எந்த மலைச்சரிவில் விளைந்த திராட்சை என்று சொல்லிவிடுவார். கும்பினிப் பட்டாளத்துக்கு இது போதுமானதாக இருந்தது.

வந்த புதிதில் துரை தன் கம்பெனிச் சிப்பாய்களுக்கு ஒரு விருந்து வைத்தார். அந்த விருந்தில்தான் சுபேதார் தன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எங்க சீமையில ராசா கையால ஒரு உருண்டை சோறு வாங்கித் தின்னவன், ராசாவுக்கு வர்ற கெடுதலையெல்லாம் தன் மேல வாங்கிக்குவான் துரை, செஞ்சோத்துக் கடன்னு அதுக்குப் பேரு" என்று சொன்னார். சும்மா முகஸ்துதிக்குச் சொன்னது. எந்த ராசாவும் சுபேதாருக்குச் சோறு போட்டதில்லை, அவரும் எந்த ராசாவுக்காகவும் சுண்டுவிரலில் முள் வாங்கியதில்லை. ஆனால் துரைக்கு அந்தப் பேச்சு இனித்தது. வெள்ளைக் கையுறையைக் கழற்றாமலே அண்டாவுக்குள் கைவிட்டு, வரிசையில் நின்ற சிப்பாய்களுக்கு ஆளுக்கொரு உருண்டை கொடுத்தார், நாய்களுக்குப் பிஸ்கோத்துப் போடும் அதே உற்சாகத்தோடு. வாங்கித் தின்றவர்களில் அப்போதுதான் கல்யாணம் முடித்திருந்த சிப்பாய் சவரிராயனும் ஒருவன். குடியிருப்பு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த புதுப்பெண்டாட்டி மதலேனாள், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "உப்புக் கம்மி" என்றான்.

அதற்கு அடுத்த மழைக்காலம் பர்மாச் சண்டை. ஒரு மூங்கில் அரணுக்கு முன்னால், எல்லாரும் குனிந்திருக்க, எதற்காகக் குனிய வேண்டும் என்று யாரும் சொல்லித்தராததால் நிமிர்ந்து நின்ற துரையின் நெஞ்சில் குண்டு பாய்ந்தது. சிவப்புக் கோட்டில் ஓட்டை விழுந்து புகை வந்தது, துரை வண்டு கடித்ததுபோல் தட்டிவிட்டார், அவருக்கு இடப்பக்கம் தள்ளி நின்ற, விருந்தில் உருண்டை தின்ற சிப்பாய் கந்தப்பன் கோட்டில் ஒரு நூல் பிரியாமல், உள்ளே நெஞ்சில் ஓட்டையோடு சரிந்தான். பட்டாளத்து டாக்டர் கந்தப்பனின் கோட்டுப் பித்தானைக் கழற்றிப் பார்த்தார், மறுபடி மாட்டிப் பார்த்தார், மறுபடி கழற்றினார், கடைசியில் வெயில் தாக்கிச் செத்ததாக எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார். அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பட்டாளம் எங்கே போனாலும் பின்னாலேயே கப்பலிலும் மாட்டுவண்டியிலும் பெண்டு பிள்ளைகளும் சட்டி பானைகளும் போகும், அப்படிப் போன பொம்பளைகள்தான் இந்தக் கணக்கை முதலில் பிடித்தார்கள். சண்டை முடிந்து ஆட்கள் திரும்பும்போது அவர்கள் தங்கள் புருஷன்மாரைத் தேடவில்லை, துரை போட்டிருந்த கோட்டில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லாவிட்டால் அடுப்பு மூட்டினார்கள், இருந்தால் தாலியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஏன் இப்படி நடக்கிறது என்று கொஞ்ச நாள் பேச்சு இருந்தது. பாதிரியார் ஜெபம் செய்தார், லெப்பை தாயத்துக் கட்டினார், முனியப்பனுக்குக் கிடா வெட்டினார்கள், மூன்றும் பலிக்கவில்லை என்றதும் மூன்று மதத்துக்காரரும் சமாதானமாகி அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பெண் கேட்டு வந்தால் சாதி, குலம் கேட்ட கையோடு "மாப்பிள்ளை அன்னிக்குச் சோறு தின்னவனா?" என்றும் கேட்டார்கள், அவ்வளவுதான். அன்று காய்ச்சலில் படுத்து விருந்துக்கு வராத ஒரு நொண்டிச் சிப்பாய்க்கு மூன்று இடத்திலிருந்து பெண் கொடுக்க வந்தார்கள்.

துரையோ ஏறிக்கொண்டே போனார். பட்டாளத்தில் மேலே இருப்பவன் செத்தால் கீழே இருப்பவனுக்குப் பதவி, சாகாதவன் எப்படியும் ஜெனரல் ஆவான் என்பதுதான் அந்தக் காலத்து விதி. காலராவிலும் குண்டிலும் கெட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, ஒருநாள்கூடத் தலைவலி வராத அகஸ்டஸ் துரை காப்டன் ஆனார், மேஜர் ஆனார், கர்னல் ஆனார். நாளாக ஆகச் சண்டையில் முன்னால் போய் நிற்க ஆரம்பித்தார். இதை வீரம் என்று லண்டனில் மெச்சினார்கள். நீச்சல் தெரிந்தவன் ஆற்றில் இறங்குவதையாவது வீரம் எனலாம், அடுத்தவனை ஆற்றில் இறக்கிவிட்டுக் கரையில் நிற்பவனுக்குக் கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள்.

குண்டு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, சண்டை எப்போதாவதுதான் வரும். துரை தினமும் குடித்தார். ராத்திரி மெஸ்ஸில் அவர் மூன்று பாட்டில் குடித்தால் காலையில் குடியிருப்பில் சொட்டுக்கூடத் தொடாத ஒருவன் கண் சிவந்து வாந்தி எடுத்துக்கொண்டு அணிவகுப்புக்கு வருவான், தெளிந்த முகத்தோடு குதிரைமேல் வரும் துரை அவனைப் பார்த்து முகம் சுளித்து, குடித்துவிட்டு வந்ததற்காகச் சவுக்கடி கொடுக்கச் சொல்வார். சவரிராயன் அப்படி இருமுறை அடிபட்டான். முதுகில் மருந்து தடவிக்கொண்டே மதலேனாள் கேட்டாள், "ஒரு மடக்காவது குடிச்சிட்டு அடி வாங்கியிருக்கலாம்ல?"

"பழக்கமில்ல புள்ள."

"வாந்தி மட்டும் பழக்கமாக்கும்."

அடிபட்டவர்கள் கத்துவதைத் துரை அருவருப்போடு கவனித்தார். பிறந்ததிலிருந்து தாதியும் பட்லரும் பார்த்துக்கொண்டதில் வலி என்றால் என்ன என்று அவருக்குச் சரியாகத் தெரிந்ததில்லை, இங்கே வந்தபின் அடியோடு மறந்துபோனது. வலி என்பது எச்சில் துப்புவதைப்போல இந்த நாட்டுக் கீழ்மக்களின் கெட்ட பழக்கம், கண்டித்தால் திருந்திவிடும் என்று கவர்னர் விருந்தில் ஒரு மணி நேரம் பேசினார். கவர்னர் ஆமோதித்தார்.

ஜெனரல் ஆகி ஓய்வு பெற்றபோது துரை இங்கிலாந்து திரும்பவில்லை. அங்கே ஈரத்தில் அவருடைய அண்ணன்மார் கீல்வாதத்தில் முனகிக்கொண்டிருந்தார்கள், இங்கே அவருக்கு ஒன்றும் ஆவதில்லை, இந்தியச் சீதோஷ்ணம் தனக்கு ஒத்துக்கொள்கிறது என்றார். மலைமேல் பங்களா கட்டினார், "என் பழைய ஆட்கள் என் பக்கத்தில் இருக்கட்டும்" என்று அடிவாரத்தில் அவர்களுக்கு மனை வாங்கித் தந்தார், அதுதான் பென்ஷன்பேட்டை. பெருந்தன்மை என்று பத்திரிகைகள் எழுதின.

கூழும் கருவாடும் தின்றுகொண்டிருந்த பேட்டையில் கால் கட்டைவிரல் வீங்க ஆரம்பித்தது அப்போதுதான். பன்றித் தொடையும் போர்ட் ஒயினுமாக மேலே துரையின் தொண்டையில் இறங்க இறங்க, கீழே ஆட்கள் கட்டைவிரலில் ஈ உட்கார்ந்தால்கூட அலறினார்கள். டவுனிலிருந்து வந்த டாக்டர், "இது ராஜாக்களுக்கு வருகிற வியாதி ஆயிற்றே, என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, குடிசைக்குள் எட்டிப்பார்த்து, பதில் வேண்டாம் என்று போய்விட்டார். பக்கத்து மிட்டாதார் ஒருவர் பொறாமையோடு பல்லக்கில் வந்து வீங்கிய கால்களை வரிசையாகப் பார்த்துவிட்டுப் போனார், அவருக்குச் சாதாரணச் சேற்றுப்புண்தான் இருந்தது.

சோறு தின்றவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருவன் குறையக் குறைய மிச்சமிருந்தவர்களின் பங்கு கூடியது, கடைசியில் துரையின் பல்வலி, குடல்வலி, மூட்டுவலி, மூச்சிரைப்பு எல்லாம் ஒரே ஓர் ஆளின் மேல் வந்து இறங்கியது, ஹவில்தாராக ஓய்வு பெற்ற சவரிராயன்மேல். மதலேனாளுக்குப் புருஷனின் உடம்பில் எது எந்தச் சண்டையில் துரைக்குப் பட்டது என்று அத்துப்படி. தோளில் இருந்தது பர்மா, விலாவில் இருந்தது சீனா, தொடையில் இருந்தது துரை வேட்டைக்குப் போய்த் தன்னையே சுட்டுக்கொண்டது.

அந்த வருஷம் குளிர்காலத்தில் பங்களாவுக்கு டாக்டர்களின் வண்டிகள் வரிசையாக ஏற ஆரம்பித்தன. பட்லர் யாகப்பன் காய்கறி வாங்க இறங்கியபோது மதலேனாளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான், "துரைக்கு இதயம் முடிஞ்சுபோச்சாம் அக்கா. நின்னுபோன கடிகாரம்ங்கிறாரு டாக்டரு. ஆனா துரை உட்கார்ந்து வாத்து வறுவல் தின்னுகிட்டிருக்காரு, டாக்டருக்கே பயமா இருக்கு."

அவளுக்குப் புரிந்தது. உள்ளே சவரிராயன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். இனி வரவேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதையும் துரை கீழேதான் அனுப்புவார்.

சாவதைப் பற்றி அவளுக்குப் புகார் இல்லை, வயதாகிவிட்டது, எல்லாரும் போகவேண்டியதுதான். ஆனால் ஒருவனுடைய சாவு தனியாக வருமா, அவன் செய்ததெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே அல்லவா வரும்? தீர்ப்பு நாளில் தேவதூதராகிய சம்மனசு "அகஸ்டஸ்!" என்று கூப்பிடும்போது இந்த மனுஷன் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று விறைப்பாக சலாம் வைத்து "ஹாஜர்" என்று சொல்லிவிடுவார், துரை எரித்த ஊர்களுக்கும் துரை அடித்த முதுகுகளுக்கும் சேர்த்து நரகத்துக்கு நடப்பார், இடது, வலது, இடது, வலது என்று. அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. துரையின் சாவு வந்து சேருவதற்குள் புருஷனுக்கு அவருடைய சொந்தச் சாவு வந்தாக வேண்டும்.

அவளே அவரை இரண்டு நாள் பனியில் படுக்கவைத்துப் பார்த்தாள். பேட்டை மாதா கோயில் சாமியார் கேள்விப்பட்டு ஓடிவந்தார்.

"இது தற்கொலைக்குச் சமானம் அம்மா. ஆண்டவர் கொடுக்கிற சாவைத்தான் வாங்கிக்கணும்."

"துரை கொடுக்கிற சாவை வாங்கிக்கலாமா சாமி?"

சாமியார் தனக்கு மேலே இருக்கிற மேற்றிராணியாருக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார். மேற்றிராணியார் துரையோடு சீட்டு விளையாடுகிறவர் என்பதால் பதில் வரவில்லை.

அவள் மலையேறிப் பங்களாவுக்குப் போனாள். துரை வெயிலில் சாய்வு நாற்காலியில் இருந்தார், ரோஜாக் கன்னம், முழங்காலில் கம்பளி. இத்தனை வருஷத்தில் அவர் கற்ற தமிழ் வா, போ, எடு, ஓடு என்ற அளவில் நின்றுவிட்டதால் யாகப்பன் நடுவில் நின்று மொழிபெயர்த்தான்.

"துரை, உங்க குண்டை வாங்கிக்கிட்டோம், உங்க வாந்தியை வாங்கிக்கிட்டோம். சாவை மட்டும் நீங்களே வெச்சுக்கிடணும். எம் புருஷனை விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

யாகப்பன் எப்படித் திருப்பிச் சொன்னானோ, துரைக்குக் கண் கலங்கியது. இந்த ஜனங்களின் விசுவாசம் மகத்தானது என்றார். ஹவில்தார் சவரிராயன் எப்போதும் தன் பக்கத்திலேயே நின்றவன், இனியும் நிற்பான், அவனுக்குப் பீரங்கி மரியாதையோடு அடக்கம் நடத்த ஏற்பாடு செய்வேன் என்றார். மூன்று வேட்டு.

"வேட்டு கெடக்கட்டும். அவரு முந்திக்கிட்டுப் போயிட்டா என்ன செய்வீங்கன்னு கேளு தம்பி."

கேட்டதும் துரையின் கன்னத்தில் முதல்முறையாக ரோஜா வெளுத்தது. எங்கே எது புரிந்ததோ, நாற்காலியில் நிமிர்ந்து, பழைய அணிவகுப்புக் குரலில் ஒரு உத்தரவு போட்டார். யாகப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "எனக்கு முந்தி ஹவில்தார் சாகக்கூடாது, இது ஆர்டர்ங்கிறாரு."

உத்தரவு அவளுக்கு முன்னாலேயே பேட்டைக்கு இறங்கிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "என்ன இருந்தாலும் மனை கொடுத்த மகராசன். ஒரே ஒரு சாவுதானே, வாங்கிக்கிட்டாக் குறைஞ்சா போயிருவாரு?" என்றார் ஒருவர். "வேட்டு வேற போடுறாங்களாம்" என்றார் இன்னொருவர். மதலேனாள் அவர்களைத் தாண்டிப் போகும்போது, "அப்ப நீங்க போயி ஒரு உருண்டை வாங்கித் தின்னுட்டு வாங்க மாமா, மலைமேல இன்னும் அடுப்பு எரியுது" என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

சவரிராயன் கட்டிலில் கை கால்களை ஒட்டவைத்துக்கொண்டு விறைப்பாகப் படுத்திருந்தார். ஆர்டர் காதில் விழுந்திருந்தது.

"என்னங்க இது, படுத்துக்கிட்டே பரேடா?"

"ஆர்டர் புள்ள. ஒருக்கா கூட மீறினதில்ல. ஹவில்தாரு நானு."

"எந்த ஆர்டரையும் மீறாம என்ன கண்டீங்க? வீங்கின காலு."

"அது அது, இது இது."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, சண்டைக் குரல் இல்லாமல் சொன்னாள். "நான் அழணும்ங்க. எம் புருஷன் செத்தாருன்னு மாரடிச்சு அழணும், வாக்கப்பட்ட எல்லாப் பொம்பளைக்கும் உண்டு அது. அந்தாளு சாவைக் கொண்டாந்து இந்த வீட்டுல போட்டா, நான் யாருக்குன்னு அழுவேன்? வெள்ளைக்காரனுக்கு நான் ஏன் அழணும்?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுவியா?"

"அழுவேன்."

"நெசமா? நீ எங்கம்மா சாவுக்கே அழலியே."

"அந்தக் கிழவி என்னைப் படுத்தின பாட்டுக்கு... உங்களுக்கு அழுவேன் எழவெடுத்த மனுஷா, ஊரே கேக்க அழுவேன்!"

சவரிராயன் கை கால்களைத் தளர்த்தினார். விறைப்பாக இருந்த ஒட்டுமொத்த உடம்பும், "கலையலாம்" என்று யாரோ சொன்னதுபோல, கட்டிலில் பரவியது. பிறகு அவருக்கு விக்கல் எடுத்தது.

மதலேனாள் அவர் வாயருகே குனிந்து மோந்து பார்த்தாள். துரையிடமிருந்து வந்த எந்த நோவும் சுருட்டும் பிராந்தியும் மணக்கத்தான் வரும், இத்தனை வருஷத்தில் அந்த வாடை அவளுக்குத் தப்பாது. இந்த விக்கலில் வெறும் கம்மங்கூழ் வாசனைதான் இருந்தது. இவருடைய அப்பா விக்கி விக்கித்தான் போனார், சித்தப்பாவும் அப்படித்தான். "வந்துருச்சு" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள், மருமகள் பிரசவத்துக்கு நிற்கிற மாமியார்போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அன்று ராத்திரியும் மறுநாள் காலை முழுவதும் அந்தக் குடிசைக்குள் இரண்டு சாவுகள் ஒன்றையொன்று முண்டிக்கொண்டு நின்றன. ஒன்று நெஞ்சின் மேல் பியானோவை இறக்கிவைத்ததுபோல் கனமாக, வெல்வெட்டும் வாசனைத் தைலமுமாக வந்து அமுக்கும், மூச்சு நிற்கும், உதடு நீலமாகும், உடனே கீழேயிருந்து இன்னொன்று, ஏழைவீட்டு விக்கல், குதிரைக்குட்டிபோல் உதைத்து அதைத் தள்ளும். "விடாதீங்க, விக்குங்க" என்று மதலேனாள் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் பேட்டையே கூடியிருந்தது, வேட்டுக்கு ஆசைப்பட்ட பெரியவர்கள்கூட இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "ம், ம், இன்னொண்ணு" என்று ஹவில்தார் பக்கம் சேர்ந்துகொண்டார்கள், ஏனென்றால் அவர்களும் பட்டாளத்துப் பிள்ளைகள், துரை தோற்று அவர்கள் யாரும் பார்த்ததில்லை. உச்சிப்பொழுதில் சவரிராயன் ஒரு பெரிய விக்கல் விக்கினார். அடுத்தது வரவில்லை. வெல்வெட்டுக்காரச் சாவு ஆள் இல்லாத நெஞ்சில் கொஞ்சநேரம் தடவிப்பார்த்துவிட்டு, வந்த வழியே மலையேறியது.

மதலேனாள் அழுதாள். சொன்னபடி ஊரே கேட்க அழுதாள்.

ஆம்பளை உடம்பை ஆம்பளைகள்தான் குளிப்பாட்டுவது வழக்கம், அவள் விடவில்லை, பக்கத்து வீட்டு ரோசம்மாளை மட்டும் தண்ணீர் மொண்டு ஊற்ற வைத்துக்கொண்டு தானே செய்தாள். தோளில் தண்ணீர் விழுந்ததும் அங்கிருந்த தழும்பு சோப்புக்கறைபோலக் கரைந்தது. பர்மா போனது. விலாவைத் தேய்த்தாள், சீனா போனது. தொடையில் இருந்த வேட்டைக்குழி தூர்ந்து, கட்டைவிரல் வீக்கம் வடிந்து, முதுகில் சவுக்கு வரிகள் ஒவ்வொன்றாக வெளுத்து, முதலிரவு விளக்கில் அவள் பார்த்து வெட்கப்பட்ட உடம்பு தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. ஒன்று மட்டும் போகவில்லை, முழங்காலில் காசளவு ஒரு வடு. அது எதில் பட்டது என்று அவள் கேட்டதே இல்லை, எல்லாவற்றையும்போல அதுவும் துரையுடையது என்று இருந்துவிட்டாள். அதை மறுபடி மறுபடி தேய்த்துப் பார்த்தாள். அது அவருடையது.

அப்போது மலைமேலிருந்து ஒரு சத்தம் வந்தது. குள்ளநரி என்று நினைத்து நாய்கள் குரைத்தன, பிறகு நாய்களே பயந்து வாலைச் சுருட்டிக்கொண்டன. யாரோ கத்துகிறார்கள், வார்த்தை இல்லாமல், கத்திப் பழக்கம் இல்லாத தொண்டையால், எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்துவது என்று தெரியாமல். ஒரு குண்டுக்கு ஒரு கத்தல், ஒரு சவுக்கடிக்கு ஒரு கத்தல் என்று, பல வருஷத்துப் பாக்கி.

ரோசம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டாள். "என்னக்கா அது? யாரு?"

"துரைதான்டி" என்றாள் மதலேனாள். புருஷனின் முழங்காலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். "இன்னிக்குத்தான் பட்டாளத்துல சேர்ந்திருக்காரு."